செல்லியம்மாள் லாயத்தில் உட்கார்ந்த இருபத்தாறு நாள்

ஆரணி பஸ் ஸ்டாண்டில் ஜட்கா ஓட்டிய துரைக்கண்ணுவின் மனைவி செல்லியம்மாளுக்குக் கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும். அவள் மெல்லப் பேச ஆரம்பித்தால் அவர்கள் குடியிருந்த சேவூரில் ஆட்கள் வேறு வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிடுவார்கள். அந்தக் கோபம் அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்ததல்ல. எழுபத்தைந்தாம் வருஷம் புருஷன் வீட்டில் கிடைத்தது.

அந்த வருஷம் அவர்களுடைய குதிரை முதல் சினை. பதினோரு மாதத்தில் ஈன வேண்டியது பன்னிரண்டு தாண்டியும் ஈனவில்லை. உள்ளேயே நன்றாகத் தேறி வரட்டும், கெட்டிக்குட்டியாக இருக்கும் என்று ஸ்டாண்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். பிறந்த குட்டிக்குக் கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி நீண்டிருந்தது. முன்னங்கால்கள் இரண்டும் முட்டியில் மடங்கி நிமிரவே இல்லை. தொண்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம்.

பிறந்த குதிரைக்குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், நிற்காததைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்பது ஜட்காக்காரர்களின் சட்டம். சடையப்பன் என்ற வண்டிக்காரன் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு வந்து அதைத் தூக்கி நிறுத்தினான். இரண்டு நாள் விடாமல் நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் முட்டியைத் தொட்டாலே குட்டி கத்தியது. ஐந்தாம் நாள் செத்துப்போனது.

செத்ததற்குப் பழி சுமக்க ஆள் வேண்டியிருந்தது. செல்லியம்மாள் கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் பிள்ளை பெறாதவள். சினைக்குதிரைக்குக் கொள்ளு அவித்து வைத்தவள், அதன் வயிற்றைத் தடவிக் கொடுத்தவள். அவள் கைராசிதான் என்று சடையப்பன் ஸ்டாண்டில் சொன்னான். மாமியார் ராஜம்மாள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இனி அவள் லாயத்துக்குள் கால் வைக்கக் கூடாது, அவள் அவித்த கொள்ளு குதிரைக்கு ஆகாது என்று தீர்ப்பானது. துரைக்கண்ணு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பீடி குடித்தான். பேசியவர்களை அவள் என்றைக்காவது மன்னித்திருக்கலாம். அந்த பீடியை மன்னிக்கவே இல்லை.

குதிரை மறுபடி சினையானது. கொள்ளு அவிக்கத் துரைக்கண்ணுவுக்குச் சோம்பல். முன்பே மார்க்கெட்டில் கழித்துப் போடும் முட்டைக்கோசு இலையைத் தினம் ஒரு மூட்டை அள்ளி வருவான். இப்போது இரண்டாக்கினான். கொள்ளோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்த உப்பும் நின்றது. தண்ணீர்க் குடத்தை லாயத்து வாசலிலேயே வைத்துவிட்டு அவள் திரும்புவாள். குதிரை அவள் வாசனைக்குக் கனைக்கும். காதில் விழாததுபோல் போவாள்.

எழுபத்தேழில், இந்த முறையும் நாள் தாண்டி, ஒரு விடியற்காலையில் குட்டி பிறந்தது. அதே தாடை, அதே கால், அதே வீக்கம்.

துரைக்கண்ணு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். செல்லியம்மாள் வாசலில் வந்து நின்று, அடுத்த வீட்டுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"வருஷத்துக்கு மேல நான் உள்ள வரலியே. இதும் மேல யார் கைய்யா பட்டுது?"

செல்லியம்மாள் அவனைத் தாண்டி உள்ளே போய்க் குட்டியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அதற்குள் சடையப்பன் ஆட்களோடு வந்துவிட்டான்.

"தூக்குங்கப்பா, ஜல்தி. படுக்க வுட்டா போயிடும்."

"போன குட்டி கால ஒடச்சவன்தானே நீ? இதத் தொடு பாப்போம்."

"பொம்பள தாலாட்டு பாடினா குதிர எழுந்து ஓடுமா?" என்றான். உடன் வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் பக்கத்தில் கிடந்த வைக்கோல் கவையை எடுத்து முழங்காலுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டாள். சிரிப்பு நின்றது. தான் எழுந்து போனால் இவர்கள் தூக்கிவிடுவார்கள் என்று தெரிந்ததால், புருஷனைத்தான் மாட்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினாள்.

வந்த டாக்டர் ஜெயச்சந்திரன் இளைஞர், ஊருக்குப் புதியவர். குட்டியின் தொண்டையைத் தடவினார். மூலையில் கிடந்த இலை மூட்டைகளைப் பார்த்தார். இதைத் தவிர வேறென்ன தீனி என்று கேட்டார். கொஞ்சம் வைக்கோல், வேறில்லை.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கும்மா. தாய்க்கு அயோடின் சத்து இல்லாம, ஒரேயடியா கோசு இலையே போயிருக்கு. குட்டிக்கு அந்தச் சுரப்பி சரியா வேலை செய்யல. அதான் வயித்துல எத்தனை நாள் இருந்தும் வளர்ச்சி பத்தல."

"நிக்க வெக்கலாமா சார்?" என்றான் சடையப்பன்.

"முட்டிக்குள்ள இருக்கறது இன்னும் எலும்பாவே ஆகல, குருத்து. இப்ப நிக்க வெச்சா நசுங்கிடும்."

செல்லியம்மாள் சடையப்பனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

பிழைக்கும் என்று டாக்டர் உறுதி தரவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார், காலுக்குச் சிம்பு வைத்துக் கட்டினார், போனார். அவள் இருபத்தாறு நாள் லாயத்திலேயே இருந்தாள். அந்தத் தாடையால் காம்பைப் பிடிக்க முடியவில்லை. குதிரையைக் கறந்து, குழந்தைக்குப் புகட்டும் பாலாடையால் ஊற்றினாள். புண் வராமல் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தாள். ராஜம்மாள் சோற்றைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

இருபத்தாறாம் நாள் மத்தியானம் குட்டி தானாக எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்து, நடுங்கிக்கொண்டு நின்றது. தாடை அப்படியேதான் இருந்தது. வண்டி இழுக்க உதவாது, ஆனால் நடக்கும் என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் துரைக்கண்ணு, நடந்தது நடந்துவிட்டது, அம்மா மஞ்சத்தண்ணி தெளித்து உன்னை லாயத்தில் விடச் சொல்லிவிட்டது என்று சமாதானம் பேச வந்தான்.

"என்னிக்கு நான் தப்பு செஞ்சேன், இப்ப வுடறதுக்கு?" என்றாள் அவள். "ஸ்டாண்டுல பேசினாங்க இல்ல? ஸ்டாண்டுலயே வந்து சொல்லு."

மறுநாள் காலை அவன் போனான். அவள் பத்தடி பின்னால் போனாள். ஜட்காக்காரர்கள் நடுவில் அவன் கடிவாளத்தைப் பார்த்துக்கொண்டு, கோசு இலை போட்டது தான்தான் என்று முணுமுணுத்தான்.

"கேக்கல," என்றாள்.

"நான்தான்பா போட்டேன். அவ ஒண்ணும் பண்ணல."

இரண்டு நாள் கழித்துச் சடையப்பன் வந்தான். லாயத்துக்கு வெளியே வெகுநேரம் நின்றான். அவன் குதிரை ஏழு மாதச் சினை. அவனும் இலைதான் போட்டுக்கொண்டிருந்தான். என்ன செய்வது என்று அவன் கேட்டு முடிக்கும்வரை அவள் சாணம் அள்ளுவதை நிறுத்தவில்லை.

"இலைய இன்னியோட நிறுத்து. கொள்ளு அவிச்சு வை. மருந்துக்கு டாக்டர போய்ப் பாரு."

அவன் போகாமல் தயங்கினான். பழசை மனசில் வைத்துக்கொள்ளாதே என்றான்.

"குதிரைக்காவ சொன்னேன்," என்றாள். "உனுக்காவ இல்ல. போ."