முதலில் நீங்க போங்க

கடல் அவ்வளவு அகலமாகக் கிடக்கும்போது இரண்டு கப்பல்கள் எப்படி முட்டும் என்று ஊரில் எல்லோரும் என்னைக் கேட்டாகிவிட்டது. கொல்லிமலையில், ஆலத்தூர் நாட்டில், மிளகும் குச்சிக்கிழங்கும் போடும் குடும்பத்தில் பிறந்து, சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரியாக வேலை பார்க்கும் பெண் நான். லீவில் வரும்போதெல்லாம் பனிமூட்டம், புயல் என்று எதையாவது சொல்லிவைப்பேன். உண்மையான பதில், மரியாதையால் முட்டும் என்பதுதான்.

எங்கள் கப்பலில் தடம் காட்டும் கருவி ஒன்று உண்டு. சுற்றிலும் போகும் கப்பல்கள் தங்கள் பெயர், வேகம், போகும் திசை எல்லாவற்றையும் ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். திரையில் ஒவ்வொன்றும் சின்ன முக்கோணமாகத் தெரியும். யார் எவ்வளவு நெருங்கி வருவார்கள் என்பதையும் அதுவே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். அருமையான கருவி. அதில் ஒரே ஒரு கெடுதல், எதிரில் வருபவரின் பெயர் தெரிந்துவிடுகிறது. பெயர் தெரிந்த பிறகு நம்மால் பேசாமல் இருக்க முடியுமா?

போன வருஷம் ஒரு காலை. கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் என் பொறுப்பு. கேப்டன் சாப்பிடப் போயிருந்தார். வலப்பக்கமிருந்து ஒரு கப்பல் குறுக்கே வந்தது. இப்படியே போனால் இரண்டும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரும் என்று திரை எச்சரித்தது. விதி தெளிவானது. நான் வலப்புறம் திரும்பி, அவர் கப்பலுக்குப் பின்னால் போக வேண்டும். அவர் திரும்பாமல் நேரே போக வேண்டும். எங்கள் மலைப்பாதை வளைவில் இறங்குகிற வண்டி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிடுகிறதே, அது மாதிரி. பேச்சே தேவையில்லை. ஆனாலும் ரேடியோவில் அவர் கப்பலின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, நான் ஒதுங்கிக்கொள்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்னேன். என் இங்கிலீஷைக் கேட்டதும் எதிர்ப்பக்கம் தமிழுக்கு மாறியது.

“ஏனுங்க, நீங்க நம்ம பக்கமுங்களா?”

அவர் பேளுக்குறிச்சிக்காரர். எங்கள் மிளகு விற்கும் சந்தைக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. நடுக்கடலில் மலையடிவாரத்து ஆள் கிடைத்தால் சந்தோஷப்படாமல் என்ன செய்வது? பட்டேன். கப்பல்கள் பாட்டுக்கு நெருங்கிக்கொண்டிருந்தன.

“அம்மிணி, நீங்க எதுக்கு ஒதுங்கறீங்க? நீங்க போங்க, நான் பின்னால சுத்திக்கறேன்.”

“இல்லீங்க, ரூல்படி நான்தானுங்க ஒதுங்கோணும். நீங்க போங்க.”

“அட, பொம்பளப் புள்ளைய ஒதுங்க வெச்சுட்டு நான் போனா நல்லாருக்குங்களா?”

பேசிப் பயனில்லை என்று, சுக்கான் பிடித்திருந்த மாலுமியை வலப்புறம் திருப்பச் சொன்னேன். அதே நேரம் திரையில் அவருடைய முக்கோணம் இடப்புறம் திரும்பத் தொடங்கியது. எனக்கு வழிவிடத்தான். ஒருவருக்கொருவர் வழிவிட்டு நாங்கள் நேருக்கு நேர் வந்துகொண்டிருந்தோம். இரண்டு கப்பலிலும் ஒரு பாவமும் அறியாதவர்கள் காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரேடியோவை மறுபடி எடுத்தேன்.

“இடப்பக்கம் திரும்பாதய்யா! வந்த பக்கமே திருப்பு! போய்யாங்கறேன்!”

திட்டியதும் அவர் முக்கோணம் திடுக்கிட்டு வந்த பக்கமே திரும்பியது. நான் இன்னும் வலப்புறம் ஒடித்தேன். அந்தக் கப்பல் என்னைக் கடந்தபோது அதன் துருவெல்லாம் தெரிந்தது.

அடுத்த லீவில் நான் செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்குமுன்பே சேதி மலையேறியிருந்தது. அவர் தன் ஊரில் சொல்லியிருக்கிறார். சந்தையில் யாரோ அதை அம்மா காதில் போட்டிருக்கிறார்கள்.

“பெரியவரப் போயி ‘போய்யா’ன்னியாமா, கண்ணு?”

“இல்லாட்டி ரெண்டு கப்பலும் முட்டியிருக்கும்மா.”

“முட்டுச்சா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு வைஞ்ச? போன் போட்டு மன்னிப்புக் கேளு.”

நம்பரையும் அவளே வாங்கி வைத்திருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இருந்தாலும் கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

“தப்பு என்னுதுங்க, அம்மிணி. ஊர்ல அதைச் சொல்ல வாய் வரலீங்க. ஞாயித்துக்கிழமை ஊட்டுக்குச் சாப்பிட வாங்க. நானே மேல வந்து கூட்டிட்டு வாரேன்.”

“வேண்டாங்க. நீங்க ஊட்டுலயே இருங்க. நான் பஸ்ல வாரேன். ஒருத்தர் நகர்ந்தாப் போதும்.”

“சரிங்க, சரிங்க.”

ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசலில் அவருடைய சின்ன மகள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளைப் பார்த்த பிறகுதான், அவள் அப்பாவைத் திட்டியது சரியே என்று மனசு ஆறியது.

“அப்பா எங்க, சாமி?”

“உங்களக் கூட்டிட்டு வர மலைக்குப் போயிருக்காருங்க.”

வழியில் எங்கோ ஒரு கொண்டை ஊசி வளைவில், இறங்கிய என் பஸ் நின்று, ஏறிய அவர் வண்டிக்கு வழிவிட்டிருக்கும். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள்.