ஆக்சிஜன் தேடி வந்தவர்கள்

திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகிறவர்களின் சிலிண்டர்களில் காற்று அடைத்துக் கொடுக்கும் கடை எங்களுடையது. இணையத்தில் தேடினால் எங்கள் கடை முதலில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். விவரம் தெரிந்த என் கொழுந்தன், "மைனி, எல்லாரும் ஆக்சிஜன் சிலிண்டர்னுதான் தேடுதாவ. அந்த வார்த்தையையும் போட்டுருவோம்" என்றான். சரி என்றேன். கடையும் மேலே வந்துவிட்டது.

ஒரு மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ஒரு பெரியவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். கூட வந்த மகள் போனைக் காட்டி, "அக்கா, அப்பாவுக்கு வீட்டுல வச்சிருந்த ஆக்சிஜன் தீந்துட்டு. ஒரு சிலிண்டர் தாங்க" என்றாள்.

"இது வெறும் காத்தும்மா. நம்ம இங்கன மூச்சு இழுக்குற அதே காத்துதான்" என்றேன்.

வழியில் ஓர் ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் எங்களிடம் வந்திருக்கிறார்கள். நானும் ஆட்டோவில் ஏறி, அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

அன்றே அந்த வார்த்தையை எடுக்கச் சொன்னேன். கடை மறுபடியும் கீழே போய்விட்டது. சங்கு குளிக்கிறவர்கள் எப்போதும்போல் தேடாமலே வருகிறார்கள். புதிதாக யாராவது போனில் கேட்டால், விலை சொல்வதற்கு முன், "சிலிண்டர் யாருக்கு?" என்று கேட்டுக்கொள்கிறேன்.

— ஜெசிந்தா, திரேஸ்புரம்