இடிக்கப் போகிற டேங்க்

காரைக்காலில் எங்கள் தெருமுனையில் இருந்த செங்கல் டேங்க் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கட்டியது. காரை உதிர்ந்து, இடுக்கில் அரசங்கன்று முளைத்து நிற்கும். அதன் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் எந்தத் துரை கட்டினான் என்றுதான் எழுதுவார்கள். எழுபதுகளிலிருந்து தினமும் அதில் ஏறி இறங்கியவர் என் அப்பா. அவரை யார் எழுதப் போகிறார்கள்?

தண்ணீர் எவ்வளவு இருக்கிறதென்று கீழிருந்தே பார்க்க ஒரு மிதவையும் அளவுப் பலகையும் இருந்தன. அவை எப்போதோ கெட்டுப்போயின. அதனால் தெருவுக்குத் தண்ணீர் விட வால்வைத் திறக்குமுன் அப்பா எழுபத்திரண்டு படி ஏறி எட்டிப் பார்த்துவிட்டு வருவார். நெஞ்சுவலி வந்த பிறகும் ஏறினார். மாடிப்படியே ஏறக்கூடாது என்றார் டாக்டர். "டேங்க் இறங்கி வருங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தார் மனுஷர்.

நான் அப்போதுதான் டீச்சர் வேலையில் சேர்ந்திருந்தேன். மனு எழுதத் தெரியும் என்ற திமிர். மிதவையைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் அப்பாவுக்குக் கீழே வேலை கொடுங்கள் என்று எழுதி, நானே ஆபீசுக்குக் கொண்டுபோனேன்.

"இடிக்கப் போற டேங்குக்கு எதுக்கும்மா ரிப்பேர்?" என்றார் அதிகாரி.

"எப்ப சார் இடிப்பீங்க?"

"புதுசு கட்டாம பழச எப்படிம்மா இடிக்கிறது?"

இடிக்கப் போகிற இடத்துக்கு வேறு ஆளும் போட மாட்டார்களாம். அம்மா சனிக்கிழமைதோறும் திருநள்ளாற்றுக்குப் போய் எள் விளக்கு ஏற்றினாள். சனிகூட இரண்டரை வருஷத்தில் பெயர்ந்துவிட்டது. என் மனு அந்த மேஜையை விட்டுப் பெயரவில்லை. நானே ஏறிப் பார்க்கிறேன் என்றால் அப்பா விடமாட்டார். "வெளி ஆள் ஏறுனா என் வேல போயிடும், பாப்பா." ஒவ்வொரு நாளும் அவர் இறங்கி வரும்வரை கீழே நின்று படிகளை எண்ணுவேன். வேறென்ன செய்ய முடிந்தது என்னால்?

ஐப்பசியில் ஒரு விடிகாலை, டேங்குக்குப் புறப்படச் சட்டையை மாட்டியவர் அப்படியே உட்கார்ந்தார். எழவில்லை. டாக்டர் வந்து பார்த்து, கையை விரித்துவிட்டுப் போனார். அம்மா அழவில்லை. அவர் சட்டையில் போடாமல் விட்ட பொத்தான்களைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். எதிர்வரிசைப் பெண் காலிக்குடத்தோடு நின்றாள். குழாயடியிலிருந்து நேராக வந்திருக்கிறாள்.

"அண்ணன் எங்கண்ணி? இன்னும் தண்ணி தொறக்கலியே."

"போயிட்டாரு" என்றாள் அம்மா.

"அப்ப சரி" என்று அவள் திரும்பினாள். குழாயடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "அண்ணன் போயிட்டாராம். இப்ப தண்ணி வந்துடும்."

நான் உள்ளே போய்க் குடங்களைப் பார்த்தேன். அப்பாவைக் குளிப்பாட்ட எங்கள் வீட்டிலும் தண்ணீர் இல்லை.