பொத்தானக்கா கைவைத்த கையிருப்பு

பொத்தானக்காவுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் தொழிற்சாலையில் பொத்தான் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. தைத்த சட்டைகள் மேசையில் குவிந்து கிடக்க, டப்பாவில் பொத்தான் இல்லையென்றால் அவளுக்கு எப்படி இருக்கும்?

பொத்தான் இறக்குமதிச் சரக்கு. அதற்கு டாலர் வேண்டும். நாட்டிலோ டாலருக்குப் பஞ்சம். எண்ணெய் விலை ஒரு பங்கை விழுங்கியது, பழைய கடனுக்கு வட்டி இன்னொரு பங்கை விழுங்கியது. வெளிநாட்டில் உழைத்தவர்களும் நாலு காசு கூடக் கிடைக்கிறதென்று வங்கியை விட்டுவிட்டுக் கள்ளச்சந்தை வழியே பணம் அனுப்பினார்கள். நாட்டின் டாலர் கையிருப்பு தரைதட்டிவிட்டது. மருந்துக்கும் எரிபொருளுக்கும்தான் டாலர், பொத்தானுக்கு இல்லை என்று வங்கி கைவிரித்தது. அட, இந்தச் சட்டை கப்பலேறினால்தானே டாலரே வரும்!

"வெள்ளிக்கிழமை கப்பல் போயிடும். சரக்கு ஏறலைன்னா ஆர்டர் கேன்சல். அப்புறம் நாம கதவைச் சாத்த வேண்டியதுதான்," என்றார் மேனேஜர்.

கணவருக்கு வேலை போய் நாளாகிவிட்டது. பொத்தானக்காவின் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. முடித்துப் பெட்டியில் அடுக்கியிருந்த சட்டை ஒன்றை எடுத்து ஆத்திரத்தோடு உதறினாள். உள்பக்கத் தையலில், துவைக்கும் முறை அச்சடித்த பட்டையில், இரண்டு உதிரிப் பொத்தான்கள். அவளுக்குப் புல்லரித்தது.

"ஏய், இங்க பாருங்கடி. நம்மகிட்டயே கையிருப்பு இருக்கு. அஞ்சு சட்டையோட உதிரியைப் பிரிச்சா பத்துப் பொத்தான், ஒரு சட்டைக்கு ஆச்சு."

எல்லார் கையிலும் கத்தரி பறந்தது. மேனேஜர் ஓடி வருவதற்குள் பெட்டி பெட்டியாகப் பிரித்துத் தள்ளிவிட்டார்கள்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? உதிரி இல்லாத சட்டையை வாங்குற வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க திருப்பி அனுப்பிடுவாங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். நல்லாயிருந்த சட்டையையும் கெடுத்தாகிவிட்டது.

"சரி சார், இப்பக் கேளுங்க. என் முன்னாடியே கேளுங்க."

மேனேஜர் போன் போட்டார். பேச்சு அவளுக்குப் புரியாத மொழியில் நடந்தது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் சுருங்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லெல்லாம் தெரிந்தது.

"இந்த ஒரு தடவை உதிரி வேணாமாம். பிரிங்க, சீக்கிரம் பிரிங்க."

அவரும் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மெஷின்கள் தடதடத்தன. யாருக்கும் பசி தெரியவில்லை. வெள்ளிக்கிழமை லாரி வாசலைத் தாண்டியபோது பிரிவே கைதட்டியது. பொத்தானக்கா வெட்கமில்லாமல் அழுதாள்.

பணம் வந்தது. அதில் கொஞ்சம் பொத்தானுக்கு ஒதுக்க வங்கியும் இறங்கி வந்தது. அந்த வாரமே இரண்டு மடங்கு ஆர்டரோடு மேனேஜர் வந்தார்.

"ஆனா ஒண்ணுக்கா, இனிமே சட்டைக்கு நாலு உதிரி கேக்குறாங்க. நம்ம கையிருப்பு தீர்ந்த கதை அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

பொத்தானக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கேக்கட்டும் சார், கையிருப்பு கூடவே இருக்கட்டும். தீர்ந்துபோனா எப்படி இருக்கும்னு எனக்கும்தான் தெரிஞ்சுபோச்சே."