சதுர்த்தசி விரதம் இருந்த தங்கமீன்

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செஞ்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திண்டிவனம் வந்து, அடுத்தவர் மில்லில் மூட்டை தூக்கினேன். பிறகு அதே ஊரில் சொந்தமாக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை எண்ணெய் மில் வைத்தேன். உப்புத் தண்ணீர்தான் வரும் என்று எல்லாரும் சிரித்த மனையில் போர் போட்டு நல்ல தண்ணீர் எடுத்து, வீடும் கட்டினேன். விழுப்புரத்தில் இரண்டு கடை எழுப்பினேன். எதற்கும் யார் கையையும் பிடிக்கவில்லை. இந்த வரிசையில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: என் மனைவியின் ஐந்து தங்கமீன்களை ஒன்பது மாதமாக உயிரோடு வைத்திருக்கிறேன்.

பேரன் பிறந்ததும் அவள் பெங்களூருக்கு, மகள் வீட்டுக்குப் போனாள். மூன்று மாதம் என்றுதான் பேச்சு. பஸ் ஏறும்போது, "என் மீனுங்கள பட்டினி போட்றாதீங்க" என்றாள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தனியாகச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதுகளுக்கும் டப்பா தீனியை அள்ளிப் போட்டேன். கூடச் சாப்பிட ஒரு ஜீவன் வேண்டியிருந்தது. ஒரு நாள் பெரிய மீன் வயிறு உப்பித் தலைகீழாக மிதந்தது.

விழுப்புரத்தில் மீன் தொட்டி விற்கிறவரிடம் ஓடினேன்.

"காஞ்ச தீனியே போட்டுக்கினு இருந்தா இப்பிடித்தான் ஆவும். உசுரோட புழு குடுங்க பெரியவரே."

"நாங்க சமணருங்கப்பா. பொழுது சாஞ்சா நாங்களே வாயில ஒண்ணும் வைக்க மாட்டோம். என் வூட்ல புழுவக் கொல்றதா?"

"நீங்க சரி. மீனு எந்தக் கோயில்ல சத்தியம் பண்ணிச்சி?" என்று சிரித்தார்.

கோபத்தோடு திரும்பினேன். மறுநாள் சதுர்த்தசி, எனக்கு உபவாசம். நான் சாப்பிடாத நாளில் இதுகளுக்கு மட்டும் என்ன என்று தீனியே போடவில்லை. அவள் சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் வந்து மனம் அடித்துக்கொண்டதுதான். ஆனால் விடிந்து பார்த்தால் உப்பின வயிறு வற்றி, மீன் பாதி நிமிர்ந்திருந்தது!

அப்புறம்தான் மகளுக்குப் போன் போட்டேன். நெட்டில் பார்த்து, பச்சைப் பட்டாணியை வேகவைத்துத் தோலுரித்துப் போடச் சொன்னாள். மூட்டை தூக்கிய விரலால் ஒவ்வொன்றாக உரித்து நசுக்கிப் போட்டேன். இரண்டு நாளில் நேராக நீந்தியது. அதிலிருந்து ஒரு நாள் வெள்ளரிக்காய், ஒரு நாள் அவித்த கீரை என்று மாற்றி மாற்றித்தான் கொடுக்கிறேன். டப்பா தீனி இடையில் கொஞ்சம். கீரைக்கு ஐந்தும் முட்டி மோதுகிற அழகை அவள்தான் பார்க்கவில்லை.

வீடியோ காலில் தொட்டியைக் காட்டினேன்.

"அட, பளபளன்னு நீந்திக்கினு கீதுங்களே! பாத்தீங்களா, பொண்ணு சொன்ன பட்டாணி காப்பாத்திடிச்சி."

"நீ எப்ப வர்றே?"

"அதான் அதுங்க நல்லா கீதுங்களே, அப்புறம் என்ன அவசரம்? பேரன் நடக்கட்டும், வர்றேன்."

மீன் சாகக் கிடந்தபோது சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பாள். நான்தான் பிழைக்க வைத்துத் தொலைத்தேன்.

பட்டாணி மகளுடைய யோசனை, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு முன்பே வயிற்றைக் காயப்போட்டு வற்ற வைத்தவன் யார்? உரித்தது யார்? வெள்ளரியும் கீரையும் யார் யோசனை? மீன்களைக் காப்பாற்றியது நான்தான் என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. தொட்டிக்கு எதிரில் வந்து நின்று சொல்ல வேண்டும்.