எட்டாவது கட்டை

என் கை சிறியது. கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை விரித்துப் பிடித்தால் ஆறு அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. தையல் நாடாவால் எத்தனையோ தடவை அளந்திருக்கிறேன். காலையில் ஓர் அளவும் மாலையில் ஓர் அளவும் காட்டாதா என்ற நப்பாசைதான்.

இருபத்துமூன்று வயதில், கீரி என்ற எங்கள் கடற்கரை ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது அந்த அளவு எனக்குப் பெரிய கவலையானது. எங்கள் கோயிலில் ஓர்கன் வாசித்த சிஸ்டர் மாற்றலாகிப் போய்விட்டார். விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் நான் கொஞ்சம் வாசிக்கப் பழகியிருந்ததை யாரோ பங்குச் சுவாமியிடம் சொல்லிவிட்டார்கள்.

“ஒரு ஆள் கிடைக்கும்வரைக்கும் வாசியுங்கோ பிள்ளை,” என்றார் சுவாமி.

அந்த ஆள் கிடைக்கவேயில்லை.

காலால் மிதித்துக் காற்றூதும் பழைய ஓர்கன் அது. பாடசாலை விட்ட பிறகு தனியே பழகப் போவேன். பின்னேர வெயிலில் கடல் அசையாமல் கிடக்கும். அதன் வெளிச்சம் ஜன்னல்வழியே ஏறி, கூரையின் அடிப்பக்கத்தில் மெல்ல மெல்ல ஆடும். மிதித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தால் கோயில் தண்ணீருக்குள் இருப்பதுபோலவும், நான் கடலடியிலிருந்து மேலே பார்ப்பதுபோலவும் இருக்கும். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்பது கால் கடுக்கும்போதுதான் தெரியும்.

எல்லாப் பாட்டும் எனக்கு வந்தது, ஒரு மாதா பாட்டைத் தவிர. அதில் மூன்றாம் அடி முடிகிற இடத்தில் இடது கை ஒரு சுரத்தைக் கீழேயும் மேலேயும் ஒன்றாக அழுத்த வேண்டும். சுண்டுவிரல் முதலாவது கட்டையில் இருக்க, கட்டைவிரல் எட்டாவது கட்டைக்குப் போக வேண்டும். என் விரல் ஏழாவதோடு நின்றுவிடும். வலது கைக்கு மெட்டிலேயே வேலை. அது உதவிக்கு வராது.

முதலில் கீழ்ச் சுரத்தை விட்டுவிட்டு வாசித்துப் பார்த்தேன். பாட்டை முன்னின்று பாடுகிறவர் ஒரு கடல் தொழிலாளி. விடிய வலை இழுத்துவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பூசைக்கு வருவார். அவருடைய பிள்ளைகள் என்னிடம் படித்ததால் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

“ரீச்சர், கீழ கேக்கிற அந்தச் சத்தம் எங்க? அது இல்லாட்டி எனக்குக் காலுக்குக் கீழ நிலம் இல்லாத மாதிரிக் கிடக்கு.”

“கை எட்டுதில்லை அண்ணை.”

அவர் என் கையைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து கையை வளர்க்கப் புறப்பட்டேன். போத்தல் தக்கைகளைச் சீவி விரலிடுக்குகளில் செருகி, துணியால் கட்டிக்கொண்டு ஞாயிறு மத்தியானங்களில் படுத்திருப்பேன். ஒருநாள் அந்த அரைத் தூக்கத்தில் ஒரு கனவு. கரையோரத் தண்ணீரில் என் கை என்னைவிட்டுக் கழன்று, ஒரு திருக்கை மீனைப்போல விரிந்துகொண்டே போகிறது. மணலில் அதன் நிழல் விழுகிறது. எனக்குப் பயமே இல்லை. அதன் பின்னால் நடந்துகொண்டிருக்கிறேன்.

அம்மா உலுப்பி எழுப்பினா. கை வீங்கியிருந்தது.

“என்ன விசர் வேலை இது? கடவுள் தந்த கையை இழுத்தே நீட்டப் போறாய்?” என்று தக்கைகளைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தா. இரண்டு நாட்கள் கரும்பலகையில் எழுத வெண்கட்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

கடைசியில் நான் கண்ட வழி தாவுவதுதான். கீழ்க் கட்டையைச் சுண்டுவிரலால் முதலில் அழுத்திவிட்டு, கையை அப்படியே தூக்கி மேல் கட்டைக்கு எறிவேன். அந்த அரை மூச்சு நேரம் வலது கை காத்திருக்கும். அந்த அண்ணையும் காத்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது, “நீங்கள் நிண்டால் நாங்களும் நிண்டு வருவம். அதுக்கென்ன?” என்றார். சில மாதங்களில் கோயில் முழுவதும் அந்த இடத்தில் நின்றது. பிறகு அது எனக்கே மறந்துபோனது.

மூன்றாவது வருடத் திருநாளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சுவாமி வந்திருந்தார். வெளிநாட்டில் இசை படித்தவர் என்றார்கள். பங்குச் சுவாமி அவரையே வாசிக்கச் சொல்ல, நான் ஓர்கனுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன். அவர் கையை விரித்தார். எட்டாவது கட்டையைத் தாண்டி ஒன்பது, பத்து என்று சும்மா போனது அந்தக் கை. பழைய ஓர்கனுக்குள் இவ்வளவு சத்தம் இருந்ததா என்று சனம் திரும்பிப் பார்த்தது.

மாதா பாட்டு வந்தது. மூன்றாம் அடி முடிந்தது. சனம் நின்றது. ஓர்கன் நிற்கவில்லை.

ஒரு கணம் பாட்டு இரண்டாகக் கிழிந்து, சிலர் ஓடிப்போய் ஓர்கனைப் பிடித்தார்கள், சிலர் பின்னால் இழுபட்டார்கள். இரண்டாம் சரணத்திலும் அதே இடத்தில் அதே குழப்பம். வேட்டியும் சேலையுமாக நானூறு பேர் ஒன்றாகத் தடக்குப்பட்டதைப்போல இருந்தது. நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் சரணத்தில் அவர் கட்டைகளிலிருந்து கையை எடுத்துவிட்டார். சனம் தனியே பாடியது. அந்த இடம் வந்ததும் எல்லோரும் ஒன்றாக நின்று, ஒன்றாக மூச்செடுத்து, ஒன்றாகப் போனார்கள். அவர் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சனம் மிச்ச அடிகளைப் பாடிக்கொண்டிருக்க, என் பக்கம் சாய்ந்து மெல்லிய குரலில், “இதில ஏன் நிக்கினம்?” என்று கேட்டார்.

“என்னால சுவாமி. என்ர கை எட்டாது. நான் தாவிறனான்.”

“எங்க, கையை வையுங்கோ பாப்பம்.”

வைத்தேன். ஏழாவது கட்டையோடு விரல் நின்றது. அவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, சுரத்தாளில் அந்த இடத்துக்கு மேலே சின்னதாக ஓர் அரை வட்டமும் அதற்குள் ஒரு புள்ளியும் போட்டார். நின்று போ என்பதற்கான குறி அது.

“இனி நீங்கள் பிழை விடேல்லை. பாட்டு அப்பிடித்தான்,” என்று சொல்லி வாங்கிலிருந்து எழுந்தார். “கடைசிச் சரணம் நீங்களே வாசியுங்கோ.”

வாசித்தேன். அழுதுகொண்டுதான் வாசித்தேன், கட்டைகள் கலங்கித் தெரிந்தன. கை தன்பாட்டுக்குத் தாவியது.

அதன் பிறகும் பல வருடங்கள் வாசித்தேன். சண்டைக் காலத்தில் ஊரோடு கிளம்பிப் பாப்பாமோட்டைப் பக்கம் மரங்களுக்குக் கீழே இருந்தபோது ஓர்கன் இல்லை. அண்ணையின் குரல் மட்டும் இருந்தது. திரும்பி வந்தபோது ஓர்கனின் துருத்தியைக் கறையான் தின்றிருந்தது. யாருக்கும் அதைத் திருத்தத் தெரியவில்லை.

இப்போது கோயிலில் மின்சாரத்தில் வாசிக்கும் கீபோர்ட் இருக்கிறது. வங்கியில் வேலை செய்கிற ஒருவர் வாசிக்கிறார். நான் பெண்கள் பக்கத்தில் நாலாவது வாங்கில் இருக்கிறேன். வாசித்த காலமெல்லாம் நான் ஒரு பாட்டைக்கூட வாய்விட்டுப் பாடியதில்லை. கவனம் முழுக்கக் கையிலேயே இருந்திருக்கிறது. இப்போது பாடுகிறேன். என் குரல் அவ்வளவு நன்றாக இல்லை என்பது இந்த வயதில்தான் தெரிகிறது. பக்கத்தில் இருப்பவ சிலவேளை திரும்பிப் பார்ப்பா. நான் விடுவதில்லை. ஜன்னலுக்கு வெளியே காற்று எழும்பி, பனையோலைகள் சலசலக்கும்போது இன்னும் கொஞ்சம் உரத்தே பாடுகிறேன்.