மாமியின் நேர்த்தியும் கல்லுத் தெருவும்

பிள்ளையள், மாமி ஜேர்மனியிலிருந்து வந்து நின்ற கோடையில், அவ திரும்பிப் போகிற நாளன்று, நாங்கள் பழைய மொன்றியலுக்குள் வான் வண்டியோடு மாட்டுப்பட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் இரண்டு பேரும் அதை இப்பவும் பகிடியாகத்தான் சொல்லித் திரிகிறீர்கள். முன்சீற்றில் நடந்தது உங்களுக்கு முழுக்கத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். என்னுடைய தமிழ் பெரிய தமிழ் இல்லை. மூத்தவள் வாசிக்க, சின்னவள் கேட்டால் போதும்.

மாமி ஏன் வந்தவ என்று முதலில் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின பனிக்காலத்தில் நான் துறைமுகத்தில் லொறியிலிருந்து இறங்கும்போது, படியில் இருந்த ஐஸ் சறுக்கி விழுந்தேன். இடது தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்தார்கள். எங்கள் வீடு மூன்றாம் மாடி. பார்க் எக்ஸ்டென்ஷனின் வெளிப்படிக்கட்டுகள் உங்களுக்குத் தெரியும்தானே, பனி பெய்தால் கண்ணாடி மாதிரி. ஆஸ்பத்திரியிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு வந்து மேலே விட்டவர்கள் போனபிறகு, பனி உருகும்வரை நான் கீழே இறங்கவில்லை. அம்மா வேலைக்கு, நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு. நான் யன்னலடியில். எதிர்வீட்டுப் படியால் ஒருவன் இறங்கி மூலையில் இருக்கிற டெப்பனர் கடைக்குப் பால் வாங்கப் போவான். அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனாலும் அவனைப் பார்க்க எனக்கு எரிச்சல் வரும்.

ஜேர்மனியிலிருந்து என் அக்கா, உங்கள் மாமி, ஒவ்வொரு நாளும் போன் எடுப்பா. ஒருநாள் கேட்டா, "எடேய், நீ விழுந்த இடத்துக்குக் கிட்ட ஏதும் கோயில் இருக்கோ?"

"ஆத்தங்கரையிலை மாலுமிகள் கும்பிடுற மாதா கோயில் ஒண்டு இருக்கு. கூரையிலை மாதா கையை விரிச்சுக்கொண்டு கப்பலுகளைப் பார்த்துக்கொண்டு நிப்பா. லொறியிலை போகேக்கை கண்டிருக்கிறன்."

நாங்கள் சைவக்காரர்தான். ஆனால் ஒரு ஆபத்து என்று வந்தால் எங்கள் ஆட்களுக்கு மாதா வேற்றாள் இல்லை. அக்கா போனிலேயே நேர்த்திக்கடன் வைத்துவிட்டா. தம்பி எழும்பி நடந்தால், தான் வந்து அவனை அந்தக் கோயிலுக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போய், அவன் கையாலேயே மெழுகுதிரி கொழுத்துவிப்பா. அன்றைக்கு அது முடியும்வரை வாயில் பச்சைத் தண்ணீரும் வைக்கமாட்டா.

"நேர்த்தி வைக்கிறது நீ, நடக்கிறது நானோ?" என்றேன்.

"ஓம். பின்னை நானோ காலை முறிச்சனான்?"

அப்படித்தான் அவ வந்தா. வந்த இரண்டாம் நாளே கோயிலுக்குப் போயிருக்கலாம். எங்கள் ஆட்கள் விடுவார்களா? ஜேர்மனி அக்கா வந்து நிற்கிறா என்று தெரிந்ததும் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார்கள். ஒரு வீட்டுக்குப் போனால் மற்ற வீடு கோபிக்கும். சாப்பிடாமல் எழும்பினால் போன வீடும் கோபிக்கும். காலமை வெளிக்கிட்டால் இரவு அல்பம் பார்த்து முடிய வீட்டுக்கு வருவோம். அக்கா ஒருநாள் வானுக்குள் ஏறியிருந்து சொன்னா, "கனடாவிலை நான் பார்த்தது முழுக்க சோபாவடா தம்பி." இப்படியே போய், மிஞ்சினது பிளேன் ஏறுகிற நாள் மட்டும்தான். அதுவும் பின்னேரப் பிளேன்.

அன்று அம்மாவுக்கு வேலை. நாங்கள் நாலு பேரும் காலமை வெளிக்கிட்டோம். நேரே கோயிலுக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. அக்கா சொன்னா, "முருகனிட்டைச் சொல்லாமல் மாதாவிட்டைப் போறது சரியில்லை." சரியென்று முருகன் கோயில் இருக்கிற டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்கு, ஊரின் மற்றத் தொங்கலுக்கு வானை ஓடினேன். முருகனைக் கும்பிட்டு வெளியில் வர, வாசலில் எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி. "இவ்வளவு தூரம் வந்திட்டு வீட்டுக்கு வராமல் போறியளோ? எங்கடை வீட்டுப் படி உங்களுக்கு ஆகாதோ?" போனோம். அக்கா விரதம் என்று சொன்னதால் சாப்பாடு தப்பியது, கதை தப்பவில்லை. வழிக்கென்று ஒரு பொதி வடையும் கட்டித் தந்துவிட்டாள். பழைய மொன்றியலுக்கு வந்து சேர வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

அந்த இடம் உங்களுக்குப் பள்ளிக்கூடத்தோடு போய்ப் பழக்கம். எனக்கு லொறிக் கண்ணாடியால் பார்த்த பழக்கம் மட்டும்தான். கல்லு வீடுகள், கல்லுப் பதித்த ஒடுங்கல் தெருக்கள், எல்லாம் ஒருவழிப்பாதை. கோடையில் பாதித் தெருவை நடக்கிற ஆட்களுக்கென்று அடைத்துவிடுவார்கள், மிச்சப் பாதியை ஒறேஞ்ச் கூம்பு வைத்துக் கிண்டுவார்கள். போன் வழிகாட்டி திரும்பு என்று சொன்ன இடத்தில் திரும்பினேன். எங்களுக்கு முன்னால் ஒரு பியர் லொறி. பின்னால் ஒரு ரூரிஸ்ற் பஸ் வந்து மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் கார்களின் வரிசை.

மாமி யன்னலால் பார்த்துவிட்டுச் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "இந்தக் கல்லுத் தெருவைப் பார்க்கவோ நான் கடல் தாண்டி வந்தனான்? இது ஜேர்மனியிலை என்ரை வீட்டுக்குப் பின்னாலையே கிடக்கு." நீங்கள் சிரித்தீர்கள். வெளியில் ரூரிஸ்ற் ஆட்கள் எங்கள் வானைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். ஒரு சோடி எங்கள் பொனற்றில் சாய்ந்து நின்று படம் எடுத்தார்கள். பின்னால் இருக்கிற கட்டடம் வடிவாக விழவேண்டும் என்று எங்களைத் தலையைக் குனியச் சொல்லிக் கை காட்டினார்கள். அக்கா குனிந்தா. நானும் அவ பகிடிக்குத்தான் குனிகிறா என்று நினைத்தேன். அவ நிமிரவில்லை.

"என்னக்கா?"

"ஒண்டுமில்லை. கொஞ்சம் தலை சுத்துது."

நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. வானுக்குள் குளிரூட்டி போட்டிருந்தது. அவவுக்குச் சீனி வருத்தம் என்று எனக்குத் தெரியும். விரதம் என்றபடியால் இன்சுலின் ஊசியைப் போடாமல் விட்டிருப்பா என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"அக்கா, காலமை ஊசி போட்டனியோ?"

"பழக்கத்திலை கை தன்பாட்டிலை போட்டிட்டுதடா. போட்டாப்பிறகுதான் நினைவு வந்தது. காலமையே மெழுகுதிரியைக் கொழுத்திப்போட்டுச் சாப்பிடலாம் எண்டு இருந்தனான்."

ஊசி உடம்பில் இருக்கிற சீனியைக் குறைத்துக்கொண்டே போகும், வயிற்றில் ஒன்றும் இல்லை. சின்னவளின் பையிலிருந்த அப்பிள் ஜூஸ் பெட்டியை எடுத்து ஸ்ரோவைக் குத்தி நீட்டினேன். அவ வாயை இறுக்கி மூடிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினா.

"விளையாடாதை அக்கா. குடி."

"கோயில் தெரியுதெல்லே. கொண்டுபோய் விடு, குடிக்கிறன்."

கோயில் தெரிந்தது உண்மைதான். தெருவின் கீழ்முனையில், கூரையில், மாதா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி நின்றா. லொறிதான் அசையவில்லை. மூத்தவளை இறங்கிப்போய்க் கேட்டுவரச் சொன்னேன். என்னுடைய பிரெஞ்சு துறைமுகக் கேற் வரைக்கும்தான் போகும்.

"ரெண்டு நிமிஷமாம் அப்பா."

இந்த ஊரில் இரண்டு நிமிஷம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். பீப்பாய்கள் ஒவ்வொன்றாக உருண்டு கடைக்குள் போயின. நான் ஹோர்ன் அடித்தேன். பின்னால் பஸ் எனக்கு அடித்தது.

"அக்கா, அம்புலன்சுக்கு அடிக்கப்போறன்."

"அடி. அது எந்த வழியாலை வரும்?"

அப்போது எனக்கு அந்தப் பனிக்கால யன்னலடி திரும்ப ஞாபகம் வந்தது. கண்ணுக்கு முன்னால் எல்லாரும் ஐஸ்கிறீமோடு நடக்கிறார்கள். நான் மட்டும் கதவுக்குள்ளே. முன்னுக்கும் போக ஏலாது, பின்னுக்கும் போக ஏலாது, பக்கத்தில் இருக்கிற அக்காவின் வாயையும் திறக்க ஏலாது. நான் சத்தம் போட்டேன். உங்களுக்கு முன்னால் அவவை அப்படி ஏசினது அதுதான் முதல் தடவை. "நீ இதுக்குள்ளை செத்துப்போனால் நான் நடந்து என்ன பிரியோசனம்?"

அவ மெல்லமாகத்தான் சொன்னா. "நீ மூண்டு மாசம் படுத்துக் கிடக்கேக்கை நான் அங்கை தனியக் கிடந்து கேட்ட ஒரே விஷயம் இது. வாக்கை முறிச்சால், பேந்து உன்ரை காலுக்கு ஏதும் வந்தால், நான் ஆரைக் குறை சொல்ல?"

நான் திரும்பவும் ஹோர்ன் அடித்தேன்.

மூத்தவள் இதற்குள் லொறியைத் தாண்டிப் போய் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "அப்பா, லொறிக்கு முன்னாலை றோட்டே இல்லை. கிண்டி வைச்சிருக்கிறாங்கள். பின்னாலை கிடக்கிற எல்லாரும் றிவேர்ஸ் எடுத்தால்தான் ஒரு ஆளாவது போகலாம். நீங்கள் இருந்து என்ன செய்யப்போறீங்கள்? நடவுங்கோவன். மாமிக்கு வீடியோவிலை காட்டுவம்."

நான் அக்காவைப் பார்த்தேன். "போனிலை வைச்ச நேர்த்தி. போனிலை பார்த்தால் மாதா ஒத்துக்கொள்ளுவாவோ?"

அவ கண்ணை மூடி யோசித்தா. "ஏமாத்தக்கூடாது. முழுக்கக் காட்டவேணும்."

என்னை ஏசுவதற்கென்று இறங்கி வந்த பஸ்காரிக்கு மூத்தவள் விஷயத்தைச் சொன்னாள். அந்த மனிசி ஏசவந்ததை மறந்து, அக்கா பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டு அங்கேயே நின்றா. அக்கா மயங்கினால் உடனே அம்புலன்சுக்கு அடிப்பதாகச் சொன்னா. அக்கா அந்த நிலையிலும் பிரெஞ்சில் நன்றி சொல்லி, "மெர்சி" என்றா. சின்னவளின் ஒரு கையில் அக்காவின் போன், மற்றக் கையில் ஜூஸ். "மாமி தலையாட்டின உடனே ஸ்ரோவை வாய்க்குள்ளை வை" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கல்லுத் தெரு ரூரிஸ்ற் ஆட்களுக்கு வடிவு. கம்பி வைத்த காலுக்கு ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு உயரம். அவசரத்தில் நான் பிடித்து நடக்கிற ஊன்றுகோலை வானுக்குள் விட்டுவிட்டேன், திரும்பிப் போக நேரமில்லை. மூத்தவள் எனக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டு என்னுடைய போனைப் பிடித்தாள்.

போனுக்குள் அக்காவின் குரல். "முகத்தைக் காட்டாதை பிள்ளை, உந்த மூஞ்சியை நான் கனகாலமாய்ப் பார்க்கிறன். காலைக் காட்டு."

"அக்கா, ஜூஸைக் குடி."

"நீ கதைக்காமல் நட. இடது காலை இழுக்கிறாய். இழுக்காதை, தூக்கி வை."

ஆட்கள் விலகி வழி விட்டார்கள். ஒரு மனிதனின் கால்களைப் படம் எடுத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை பின்பக்கமாக நடக்கிறாள், போனுக்குள்ளிருந்து யாரோ ஏசுகிறார்கள். அவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. சந்தியில் ஒருவர் கை தட்டினார். எனக்கு வியர்த்து ஊற்றியது. தொடைக்குள் கம்பி இருக்கிற இடம் சுட்டது. அக்காவின் குரல் வரவரச் சின்னதாகிக்கொண்டு வந்தது. அதுதான் என்னை நடத்தியது. அந்தக் குரல் நிற்பதற்குள் போய்ச் சேரவேண்டும்.

கோயில் வாசலில் படிகள். எங்கள் வீட்டுப் படியில் நான் இன்னும் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுவேன். இங்கே கைப்பிடிப் பக்கம் முழுக்க ஆட்கள் இருந்து சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எழும்பச் சொல்லிக் கேட்க எனக்குப் பிரெஞ்சும் வரவில்லை, மூச்சும் வரவில்லை. நடுவாலே ஏறினேன்.

கதவைத் தாண்டி உள்ளே போனதும் போன் அறுந்துவிட்டது. தடிப்பான கல்லுச் சுவர். மூத்தவள் போனை மேலே தூக்கினாள், பக்கத்தில் ஆட்டினாள். ஒன்றும் வரவில்லை. கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல்கள் தொங்கின. அவற்றைப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. அக்கா பார்க்காமல் கொழுத்தினால் கணக்கில் சேருமா? வெளியே போய்த் திரும்பவும் எடுப்பதா? என் கை தன்பாட்டில் மெழுகுதிரியை எடுத்துவிட்டது. பக்கத்தில் எரிந்துகொண்டிருந்ததில் பிடித்துக் கொழுத்தி வைத்தேன். மாதாவைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. "அவ குடிக்கவேணும்" என்று மட்டும் சொன்னேன்.

வெளியில் வந்து போன் எடுத்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை. மூத்தவள் என் கையைப் பிடித்திருந்தாள், அவளுடைய விரல் குளிர்ந்துபோய் இருந்தது. இரண்டாம் தடவை எடுத்தபோது சின்னவளின் முகம் வந்தது.

"அப்பா, மாமி ஜூஸ் முழுக்கக் குடிச்சிட்டா. வடையும் சாப்பிடுறா. எனக்கு ஒண்டும் மிச்சம் இல்லை."

"எப்ப குடிச்சவ?"

"நீங்கள் படியிலை ஏறேக்கை."

போன் கை மாறியது. அக்காவின் வாய் நிறைய வடை. "கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினாய், கண்டனான். அதுக்கு மேலை எனக்கு என்ன பார்க்கக் கிடக்கு?"

நான் அந்தச் சான்ட்விச் ஆட்களுக்கு நடுவில் அப்படியே படியில் குந்திவிட்டேன். பிள்ளையள், ஒன்றைச் சொல்கிறேன், நல்லாக் கேளுங்கோ. அன்று சரிவந்தது என்பதற்காக இதை நீங்கள் ஒருநாளும் பழகக்கூடாது. சீனி இறங்கின ஆளுக்கு முதலில் இனிப்பு, பிறகுதான் எந்தக் கடவுளும். நான் அன்று செய்தது சரி என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அந்த நேரம் அந்தத் தெருவுக்குள் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மூச்சு வாங்கி முடியவில்லை, போன் திரும்பவும் கத்தியது. பின்னால் ஹோர்ன் சத்தம், பஸ்காரியின் பிரெஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலே அக்கா.

"எடேய், கார் எல்லாம் பின்னுக்கு எடுக்கினம்! பஸ்ஸும் எடுக்குது! எங்கடை வான்தான் குறுக்கை நிக்குது, எல்லாரும் என்னைப் பார்க்கினம். பிளேனுக்கும் நேரமாச்சு, ஓடி வாடா!"

ஓடு என்று என்னிடம் யாராவது சொல்லி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. மூத்தவள் என்னைப் பார்த்தாள். நான் எழும்பி, இந்த முறையும் நடுப்படியாலேயே இறங்கினேன்.